கபபிளாங்காவை வென்ற மீர் சுல்தான் கான்

பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாபில், மிட்டா திவானா என்ற ஊரில் 1903 வாக்கில் பிறந்தவர் மீர் சுல்தான் கான். ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். அது நம் நாட்டு ஆட்டமுறை. அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ஐரோப்பிய விதிகளை அவர் பழகியது இளைஞரான பிறகே. சர் உமர் ஹயாத் கான் என்ற பெரும் நிலக்கிழார் அதற்கு ஏற்பாடு செய்தார்.

1928இல் அகில இந்திய சாம்பியன். 1929இல் லண்டன் சென்றவர் அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தையும் வென்றார். 1932, 1933 ஆண்டுகளிலும் பட்டம் அவருக்கே. 1933இல் பெண்கள் பட்டத்தை வென்றவரும் சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்த ஃபாத்திமா என்ற பெண்மணிதான்!

இங்கிலாந்தின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாவும் தொண்டை நோயும் வாட்டின. அந்த நிலையில்தான் 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவுக்கு எதிரே அமர்ந்தார். வெள்ளைக் காய்கள் சுல்தானுக்கு. நடு ஆட்டத்தில் கபபிளாங்கா தம் இரண்டு யானைகளைக் கொடுத்து அவரது ராணியை வெட்டினார். ராணி போனால் பலர் கலங்கிவிடுவார்கள். சுல்தான் அவசரப்படவில்லை, எதிராளியின் ராணிக்குப் பாதைகளை ஒவ்வொன்றாக அடைத்தபடி மெல்ல நெருக்கினார். 65 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. தோல்வியே அரிதான கபபிளாங்கா தோற்றார்.

1931 பிராக் ஒலிம்பியாடில் பிரிட்டன் அணியின் முதல் பலகையில் ஆடி, ஃப்ளோரையும் ரூபின்ஸ்டைனையும் வென்றார்.

1933 இறுதியில் சர் உமருடன் நாடு திரும்பினார். அதன்பின் ஐரோப்பா அவரைப் பார்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்றே மேற்கத்திய எழுத்தாளர்கள் பலர் அவரைச் சித்திரித்தார்கள். அவருடைய குடும்பத்தார் இதை மறுக்கிறார்கள். மறுப்பதில் நியாயம் உண்டு என்றே நமக்குப் படுகிறது. ஒருவரின் அறிவை வியப்பதற்காக அவரைத் தாழ்த்திக் காட்ட வேண்டியதில்லையே.

1950இல் உலக சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முதலாக 27 பேருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் அறிவித்தது. ரூபின்ஸ்டைன் பெயர் அதில் இருந்தது. அவரை வென்ற சுல்தான் கான் பெயர் இல்லை. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். 1966 ஏப்ரல் 25இல் பாகிஸ்தானின் சர்கோதாவில் வஃபாத்தானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது.