மருத்துவர் மால்கம் வாட்சன்

மால்கம் வாட்சன் 1873ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அவர், 1900ஆம் ஆண்டில் மலாயா அரசின் மருத்துவப் பணியில் சேர்ந்தார். மறு ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டார மருத்துவராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அக்காலத்தில் கிள்ளான் காய்ச்சலின் பிடியில் சிக்கியிருந்தது. 1901ஆம் ஆண்டில் நகரின் மக்கள்தொகை 3,576 மட்டுமே. ஆனால், அந்த ஒரே ஆண்டில் கிள்ளானிலும் அதன் அருகிலிருந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் 582 பேர் இறந்தனர். அவர்களுள் 368 பேரின் உயிரைக் காய்ச்சலே பறித்தது. இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் அத்துறைமுகம் அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில்தான் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே அங்கு வேலை செய்தவர்கள் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தனர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அந்தக் காய்ச்சல் மலேரியா ஆகும். அனோபிலிஸ் வகைக் கொசு மலேரியாக் கிருமியைச் சுமக்கிறது என்பதை 1897ஆம் ஆண்டில் இந்தியாவில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்திருந்தார். ஆயினும், அந்த அறிவைக் கொண்டு ஓர் ஊரையே காப்பாற்ற முடியும் என்று பலர் நம்பவில்லை. வாட்சன் நம்பினார். கிள்ளானைச் சூழ்ந்திருந்த சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்ட வேண்டும், காட்டை அழிக்க வேண்டும், துறைமுகத்திற்குக் கடல்நீரைத் தடுக்கும் கரை எழுப்ப வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அரசும் செலவை ஏற்று வேலையைத் தொடங்கியது. 1902ஆம் ஆண்டில் அவ்விரு இடங்களிலும் இறந்தோர் தொகை 144ஆகக் குறைந்தது. அவர்களுள் காய்ச்சலால் இறந்தவர்கள் 59 பேர்.

இவ்வெற்றியைக் கண்டு வாட்சன் மனநிறைவு அடைந்துவிடவில்லை. காய்ச்சல் தானாகவே தணிந்திருக்கலாம் அல்லவா? அதை அறிய அவர் குழந்தைகளை நாடினார். பெரியவர்கள் பல ஊர்களுக்குச் சென்று வருபவர்கள். அவர்களுக்கு நோய் எங்கே தொற்றியது எனச் சொல்வது கடினம். சிறு குழந்தைகளோ பெரும்பாலும் தாம் வாழும் இடத்திலேயே இருப்பவர்கள். மேலும், மலேரியாக் கிருமியை உடலில் கொண்ட குழந்தை காய்ச்சல் இன்றி ஓடி விளையாடவும் கூடும். எனவே, நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், நலமாகத் தோன்றும் குழந்தைகளையும் தேடிச் சென்று அவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தார்.

1904ஆம் ஆண்டில் கிள்ளான் நகரில் 173 குழந்தைகளைப் பரிசோதித்தபோது ஒருவரிடம் மட்டுமே கிருமி காணப்பட்டது. துறைமுகத்தில் 87 குழந்தைகளுள் ஒருவருக்கே தொற்று இருந்தது. ஆனால், வடிகால் வேலை நடைபெறாத சுற்றுப்புறங்களில் பரிசோதிக்கப்பட்ட 298 குழந்தைகளுள் 101 பேர் கிருமியைச் சுமந்திருந்தனர். காய்ச்சல் தானாகத் தணியவில்லை, மக்களின் உழைப்பாலேயே விலகியது என்பதற்கு இதுவே சான்றாக அமைந்தது.

அச்சுற்றுப்புறங்களில் இரப்பர்த் தோட்டங்கள் வேகமாகப் பெருகி வந்தன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த பல்லாயிரம் தொழிலாளர்கள் சொந்த வீடும் உறவும் இன்றித் தோட்டத்து லயங்களில் தங்கினர். நோயுற்றால் போவதற்கு அவர்களுக்கு வேறு இடமில்லை. 1911ஆம் ஆண்டில் மலாய் ஐக்கிய மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 63 பேர் வீதம் பல்வேறு நோய்களால் மடிந்தனர்.

வாட்சன் தோட்டந்தோட்டமாகச் சென்று லயத்துக் குழந்தைகளைப் பார்வையிட்டார். மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கினால் மண்ணீரல் வீங்கும். குழந்தையின் இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே விரல்களால் அழுத்திப் பார்த்தாலே அவ்வீக்கம் தெரியும். நூற்றுக்கு எத்தனைக் குழந்தைகளுக்கு மண்ணீரல் வீங்கியுள்ளது என்று கணக்கிட்டால், அத்தோட்டத்தில் மலேரியா எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பது விளங்கிவிடும். ஆய்வுக்கூடம் இல்லாத உட்புறங்களிலும் இம்முறை கைகொடுத்தது.

இவ்வாறு கணக்கெடுத்தபோது ஒரு வியப்பான உண்மை வெளிப்பட்டது. தெலுக் பங்லிமா காராங் போன்ற ஊர்கள் அமைந்துள்ள கரையோரச் சமவெளியில், காட்டை அழித்து வடிகால் வெட்டியதும் மலேரியா மறைந்தது. குன்றுப் பகுதித் தோட்டங்களிலோ காட்டை அழித்த பின்னரும் காய்ச்சல் குறையவில்லை. சில இடங்களில் பெருகவும் செய்தது. அதற்குக் காரணம் கொசுவின் இனமே என்பதை வாட்சன் கண்டறிந்தார். சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. குன்றுப் பகுதியில் நோயைப் பரப்பிய கொசுவோ, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வளர்வது. மரங்களை வெட்டியபோது அக்கொசுவுக்கு வாழ்விடம் உருவாக்கப்பட்டுவிட்டது.

ஓரிடத்தில் உயிர் காத்த வழி மற்றோரிடத்தில் உயிரைப் பறிக்கவும் கூடும் என்பதை அவர் மறைக்கவில்லை. குன்றுப் பகுதிகளுக்கு வேறு வழிகளைத் தேடினார். ஓடை நீரை நிலத்தடிக் குழாய்கள் வழியாகச் செலுத்தச் செய்தார். அது இயலாத இடங்களில் நீரின்மேல் எண்ணெய் தெளிக்கச் செய்தார். எண்ணெய்ப் படலம் கொசுப் புழுக்களை மூச்சுவிட முடியாமல் அழித்தது. இதற்கெல்லாம் பணம் தேவைப்பட்டது. தொழிலாளர்கள் நோயில் படுத்தால் பால்மரம் வெட்டும் வேலை நின்றுவிடும். ஆகவே, நோயைத் தடுப்பதே சிக்கனம் என்று தோட்ட முதலாளிகளுக்கு அவர் எடுத்துரைத்தார்.

தம் அனுபவங்களை அவர் 1911ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1924ஆம் ஆண்டில் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. பின்னாளில் இங்கிலாந்தின் ராஸ் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றி, ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்கப் பகுதிகளிலும் மலேரியாத் தடுப்புப் பணிகளுக்கு வழிகாட்டினார். 1955ஆம் ஆண்டில் காலமானார்.

2018ஆம் ஆண்டு முதல் மலேசியாவில், மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவால் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை. இந்நிலையை எட்டப் பலர் பாடுபட்டுள்ளனர். அவர்களுள் முன்னோடியாக விளங்கியவர் வாட்சன். வீடற்றோரையும் உட்புற மக்களையும் தேடிச் சென்று தொற்றுநோய்ப் பரிசோதனை செய்யும் இன்றைய நடமாடும் மருத்துவக் குழுக்கள், அன்று லயங்களின் வாசலில் அவர் செய்த பணியையே தொடர்கின்றன.