தேசிங்கு ராஜனின் இரு சரிதங்கள்

செஞ்சிக்கு வடமேற்கே உள்ளது எங்கள் ஊராகிய அவலூர்பேட்டை. வாரச் சந்தையையும் சித்தகிரி முருகன் கோயிலையும் அன்றி, அயலூரார் அதனை அறிதற்கு வேறு காரணம் மிகுதியாக இல்லை. ஆயினும் எங்கள் ஊர்ச் சிறுவர், பள்ளிக்கூடத்திற் சரித்திரம் கற்பதற்கு முன்னரே ஓர் அரசனை நன்கு அறிந்திருப்பர். அவனே தேசிங்கு ராஜன். யானும் என் பாட்டியாரின் மடியிலிருந்தே அவனை அறிந்தேன். கல்லூரிக்கு வந்து வரலாற்று நூல்களைப் புரட்டியபொழுதுதான், அவனுக்குச் சரிதம் ஒன்றன்று, இரண்டு என்பது விளங்கலாயிற்று.

முதலாவது சரிதம் மிகச் சிறியது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலாற் பிணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டை, 1677-இல் சிவாஜியின் கைப்பட்டது. பின்னர் ராஜாராம் அதனுள் இருந்து முகலாயரை எதிர்த்தான். 1690-இல் தொடங்கிய முற்றுகை, 1698-இல் கோட்டை வீழ்ந்தபின்னரே முடிந்தது. அதன்பின் பந்தேல்கண்டத்து ராஜபுத்திரனாகிய சுவரூப சிங் என்பவன், ஔரங்கசீப்பின் ஆணையால் செஞ்சிக்குத் தலைவனானான். அவன் 1714-இல் இறக்க, அவன் மகன் தேஜ் சிங் வடநாட்டினின்றும் வந்து ஆட்சியை மேற்கொண்டான். அப்பெயரே தமிழ் மக்களின் நாவில் தேசிங்கு என உருண்டு திரண்டது.

ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான், செஞ்சியிலிருந்து வரவேண்டிய பணம் நெடுங்காலமாக நின்றுவிட்டதென்றான். இறந்துபோன பாதுஷா அளித்த சன்னது புதிய பாதுஷாவின் ஆட்சியிற் செல்லாதென்றும் வழக்காடினான். தந்தைக்கு அளிக்கப்பட்டது தனக்கும் உரியதென்பது தேஜ் சிங்கின் துணிபு. வழக்கு போராக முற்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், பெருஞ்சேனையின்முன் சில நூறு குதிரை வீரருடன் சென்ற இளைஞன் பொருது மடிந்தான். வயது இருபத்திரண்டு என்பர். அவன் ஆண்டது ஓராண்டும் நிறைந்ததன்று. வரிப்பாக்கி பற்றிய ஒரு பூசல். அதில் ஓர் இளைஞனின் சாவு. இவ்வளவே.

நிற்க. இனி மக்கள் எழுதிய சரிதத்தைப் பார்ப்போம்.

நாடோடிக் கதைகளை அறிஞர் பலவாறு பகுப்பர். உலகம் தோன்றியதையும் தேவர் அசுரர் செயல்களையும் சொல்வன ஒரு வகை. நரியும் காகமும் பேசுவன ஒரு வகை. செயற்கரிய சோதனையை வென்று அரசகுமாரியை மணப்பவனைப் பற்றிய மாயக்கதைகள் மற்றொரு வகை. மெய்யாக வாழ்ந்தவரையும் மெய்யாக உள்ள இடங்களையும் பற்றிச் செவிவழியாக வருவன, கர்ணபரம்பரைக் கதைகள் எனப்படும். ஒரு நரி பேசியதென்றால் அதை நம்பும்படி எவரும் நம்மை வற்புறுத்துவதில்லை. கர்ணபரம்பரைக் கதையைச் சொல்பவரோ, அதோ அந்த மலை, இதோ இந்த ஆறு என்று கைநீட்டிக் காட்டுவர். தேசிங்கு கதை இவ்வகையினது. ஆயினும் அதன் உறுப்புக்களுட் பல, பிற வகைகளிலிருந்து கடன் வாங்கப்பட்டவை.

பாராசாரி என்னும் குதிரையை நோக்குக. டில்லிப் பாதுஷாவிடம் இருந்த அதனை அடக்க ஒருவராலும் இயலவில்லை. இளையோனாகிய தேசிங்கு ஏறி அடக்கினான். அதனால் மணமகளையும் பெற்றான். இது மாயக்கதையின் சோதனையே அன்றோ? மாசிடோனியாவில் எவருக்கும் அடங்காத புசிபாலஸ் என்னும் குதிரையை அடக்கிய சிறுவன் அலெக்சாந்தர் என்பதும் நாம் அறிந்ததே. உலகெங்கும் வருங்கால வீரனை முதலில் அடையாளம் காண்பது ஒரு குதிரைதான் போலும்!

சிங்கவரத்து அரங்கநாதர் செய்தி இன்னும் சுவையுடையது. போருக்கு விடைபெறச் சென்ற தேசிங்கைப் போகவேண்டாமெனத் தடுத்த பெருமாள், அவன் கேளாமையால் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பர். பாறையிற் குடைந்த அக்கோயில் தேசிங்குக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது. முகம் திரும்பியது முன்னர். அதற்குக் காரணம் கிடைத்தது பின்னர். கண்முன் உள்ள ஒரு பொருளுக்குக் காரணம் தேடிக் கொடுப்பது இத்தகைய கதைகளின் பொதுவியல்பு.

வீரனின் சாவும் அத்தகையதே. குண்டுபட்டு இறந்தான் என்பது வரலாறு. கதையிலோ, வாளை மேலே எறிந்து மார்பில் ஏற்று மாய்கிறான். பகைவன் கையால் அவன் சாகலாகாது. பிரெஞ்சு நாட்டின் ரோலாந்தும் அவ்வாறே. 778-இல் ரொன்சவால் கணவாயில் அவன் இறந்தான். பாட்டில் அவனைப் பகைவர் கொல்வதில்லை. கொம்பை ஊதிய வேகத்தில் அவன் நெற்றிப்பொட்டு வெடித்துவிடுகின்றது.

இவ்விரு கதைகளும் பிரியும் இடம் ஒன்றுண்டு. ரோலாந்தைத் தாக்கியவர் பாஸ்க்கு மலைவாசிகள். பாடினவர்களோ அவர்களை முஸ்லிம்களாக்கி, மலைவழிக் கொள்ளை ஒன்றை மதப்போராக்கிவிட்டனர். அவ்வாறு செய்தற்கு நம் பாடகருக்கு எத்துணை எளிதாக இருந்திருக்கும்! எதிரி முஸ்லிம் நவாபு. வீரன் அரங்கநாதரின் அடியவன். ஆயினும் அவர்கள் அவ்வீரனுக்கு அளித்த உயிர்த்தோழன் மகபத்கான். பாடகர் அவனை மோவுத்துக்காரன் என்பர். தன் திருமணப் பந்தலில் இருந்தவன், ஓலை வந்ததும் மணக்கோலத்தோடே நீலவேணி என்னும் குதிரைமேல் ஏறினான். வெள்ளம் பெருகிய ஆற்றை நண்பர் இருவரும் குதிரையில் நீந்திக் கடந்தனர், இருவரும் மீளவில்லை. செஞ்சிக்கு அண்மையில் நீலாம்பூண்டியில் மகபத்கானின் சமாதி என ஒன்றைக் காட்டுவர். பாராசாரி வேறு நாட்டுக் கதைகளிலும் உண்டு. இத்தோழமையை நம் மக்கள் எவரிடமும் கடன் வாங்கவில்லை என்றே கருதுகின்றேன்.

2025-இல் மராட்டியரின் அரண்களுள் ஒன்றாக இக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் அதன் பெயர் தேசிங்கு ராஜன் கோட்டைதான்.

ஒன்று சொல்ல மறந்தேன். தேசிங்கின் இளமனைவி கணவனுடன் தீப்புகுந்தாள் என்றும், அவள் நினைவாக நவாபு அமைத்ததே ராணிப்பேட்டை என்றும் கூறுவர். அச்சாவைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. என் பாட்டியார் கதையில் அது வந்ததே இல்லை. ராணி கோட்டையிற் காத்திருக்கிறாள் என்று சொல்லி, அவ்விடத்தில் எங்களைத் தூங்கச் செய்வார். பெரிய எழுத்துப் புத்தகத்தில் அதனைப் படித்த அன்று, ஏன் மறைத்தீர் என்று அவரைக் கேட்டேன். புத்தகம் எழுதினவருக்குப் பெண் குழந்தை இல்லை போலிருக்கிறது என்று சொல்லி, முறத்திலிருந்த அரிசியைப் புடைக்கத் தொடங்கினார்.