மணல் மூலையும் ஃபூரியரும்

எம்-3 பேப்பர்ல ஃபூரியர் சீரிஸ் யூனிட்டைப் பார்த்துட்டு அந்த மனுஷனைத் திட்டாத ஆள் நம்ம காலேஜ்ல இருக்க வாய்ப்பே இல்லை. திட்டுங்க, தப்பில்லை. அதுக்கு முன்னாடி ஒரு வேலை. பரமத்தி வேலூர் பக்கம் போனீங்கன்னா காவிரிக் கரையில ஒரு பிடி மணல் எடுங்க. எங்கேயாவது வீடு கட்டுற இடத்துல ஒரு பிடி எம்-சாண்ட் எடுங்க. ரெண்டையும் வெள்ளைத் தாள்ல கொட்டி, மொபைல் கேமராவுல ஜூம் பண்ணுங்க. ஆத்து மணல் உருண்டு தேய்ஞ்சு வந்தது, முனை மழுங்கியிருக்கும். எம்-சாண்ட் கருங்கல்லை கிரஷர்ல போட்டு உடைச்சது, மூலை மூலையா நிக்கும். அந்த மூலையை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஜோசப் ஃபூரியர் 1768-ல் பிரான்சின் ஓசேர் ஊரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். சின்ன வயசுலயே அம்மா, அப்பா ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஊர்ல இருந்த ராணுவப் பள்ளியில் படிக்கும்போது கணக்குப் பைத்தியம் பிடிச்சது. பீரங்கிப் படையில் சேர ஆசைப்பட்டார். பிரபு வம்சம் இல்லைன்னு கதவைச் சாத்திட்டாங்க. துறவியாகலாம்னு மடத்துக்குப் போனார், அதையும் முடிக்கலை. பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் உள்ளூர்க் குழுவில் சேர்ந்தார். 1794-ல் அதே புரட்சி அவரைப் பிடிச்சு உள்ளே போட்டது. ரோபஸ்பியர் தலை போனதாலதான் இவர் தலை தப்பிச்சது.

1798-ல் நெப்போலியனோட எகிப்துக்குப் போனார். திரும்பி வந்து பாடம் நடத்தலாம்னு நினைச்சவரை, 1802-ல் ஈசேர் மாவட்டத்துக்கு அதிகாரியா அனுப்பிட்டாங்க. நம்ம ஊர்க் கணக்குல கலெக்டர். கிரெனோபிள் நகரத்துல ஆபீஸ். பூர்குவான் பக்கத்துச் சதுப்பு நிலத்துல தண்ணியை வடிய வச்சார், டூரினுக்குப் போற மலைப்பாதை வேலையைப் பார்த்தார். சிவில் பசங்களே, பாதி அவர் நம்ம ஆள்தான்.

இந்த ஃபைல்களுக்கு நடுவுலதான் இரும்பு வளையத்தைச் சூடுபண்ணி, வெப்பம் எப்படிப் பரவுதுன்னு அளந்துக்கிட்டு இருந்தார். 1807-ல் பாரிசுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். மூலை இருக்கிற கோடா இருந்தாலும், நடுவுல உடைஞ்ச கோடா இருந்தாலும், சைன், காஸ் அலைகளைக் கூட்டியே எழுதிடலாம்னு அதில் சொன்னார். திருத்தியவர்கள் லக்ராஞ்ச், லாப்லாஸ், மோஞ்ச், லாக்ருவா. எக்ஸ்டர்னல் பேனல் இதைவிடப் பயங்கரமா இருக்க முடியாது.

லக்ராஞ்ச் ஒத்துக்கவே இல்லை. சைன் அலையில மூலையே கிடையாது. வழவழப்பான அலைகளைக் கூட்டினா மூலை எங்கிருந்து வரும்? நியாயமான கேள்விதான், நானே கேட்டிருப்பேன். கட்டுரை அச்சாகலை. 1811-ல் போட்டிக்குத் திருத்தி அனுப்பினார். அடுத்த வருஷம் பரிசு கொடுத்தாங்க, கூடவே நிரூபணத்துல உறுதி போதலைன்னு குறையும் எழுதினாங்க. அப்பவும் அச்சாகலை. கடைசியில 1822-ல்தான் புத்தகமா வந்தது. பதினஞ்சு வருஷ அரியர். எப்போ இந்தத் தொடர் சரியா வரும்னு டிரிச்லே நிரூபிச்சது 1829-ல். நாம ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ற அதே கண்டிஷன்ஸ். அதுக்கு அடுத்த வருஷம், 1830 மே 16-ல் ஃபூரியர் காலமானார். கடைசிக் காலத்துல சூடு உடம்புக்கு நல்லதுன்னு போர்த்திக்கிட்டே இருப்பார்னு சொல்வாங்க.

இப்போ தாள்ல கொட்டின மணலுக்கு வாங்க. ஒரு மணியோட படத்துல நடுப்புள்ளி ஒண்ணு வையுங்க. அங்கிருந்து ஒவ்வொரு கோணத்திலும் விளிம்பு எவ்வளவு தூரம்னு அளங்க. 360 டிகிரி சுத்தினா புறப்பட்ட இடத்துக்கே வருவீங்க. அப்போ அது பீரியாடிக் ஃபங்ஷன், ஃபூரியர் சீரிஸ் எழுதிடலாம். 1970-ல் எர்லிக், வைன்பெர்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் செஞ்சாங்க. ரெண்டாவது டெர்ம் மணி எவ்வளவு நீளம்னு சொல்லும், மூணாவது முக்கோணத்தன்மை, நாலாவது சதுரத்தன்மை. மேல போகப் போக விளிம்போட சொரசொரப்பு. அலைகளோட உயரத்தை அப்படியே வச்சுக்கிட்டு, ஃபேஸை மட்டும் கலைச்சுப் போட்டா, அதே குணத்துல ஆயிரக்கணக்கான புது மணிகளை கம்ப்யூட்டர் உண்டாக்கிடும்.

எதுக்கு இவ்வளவு வேலை? 1979-ல் கண்டால், ஸ்ட்ராக் வெளியிட்ட டிஸ்கிரீட் எலிமென்ட் முறையில மணி ஒவ்வொண்ணும் வட்டத் தட்டு. வட்டம் சுலபமா உருண்டுடும். நிஜ மணல் மூலையோட மூலை மாட்டிக்கிட்டு நகராம நிக்கும். அதனால வட்டத்தை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா, மண்ணோட பலம் நிஜத்தைவிடக் குறைவா வரும். எம்-சாண்டுக்கு இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

காவிரி மணலுக்குச் சில டெர்ம் போட்டாலே உருவம் வந்துடும். எம்-சாண்ட் மூலைக்கு வரும்போது டெர்ம் கூடிக்கிட்டே போகும், லேப்டாப் ஃபேன் கத்த ஆரம்பிக்கும். நேரம் இல்லைன்னு நீங்க எந்த டெர்ம்ல நிறுத்துறீங்களோ, அங்கேயே மூலை மழுங்கி, உங்க எம்-சாண்ட் ஆத்து மணல் மாதிரி ஆயிடும். லக்ராஞ்ச் சந்தேகப்பட்டது இந்த இடத்தைத்தான்.