நடந்து பார்த்து நகரமைத்தவர்

எமது வங்காலையில் ஆலயத்துக்கும் பாடசாலைக்கும் கடற்கரைக்கும் நடந்தே சென்றுவருவது இன்றும் இயல்பான காரியம். வீதிகள் அகலமாகி வாகனங்கள் பெருகிவரும் இந்நாளில், நடப்பவரை முன்னிறுத்தி நகரங்களைச் சிந்தித்த சேர் பற்றிக் கெடிஸை நாம் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

1854இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த கெடிஸ் அடிப்படையில் ஓர் உயிரியலாளர். மெக்சிகோவில் கண்பார்வை பழுதுற்று நுணுக்குக்காட்டி வேலை கைகூடாமற் போனதே அவரை மனிதரின் வாழிடங்கள் பக்கம் திருப்பியது எனலாம். 1886இல் திருமணமான பின் மனைவி அன்னாவுடன் எடின்பரோவின் பழைய நகரில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியிலேயே குடியேறினார். வீடுகளைப் பழுதுபார்த்தும் வெற்றிடங்களில் தோட்டமிட்டும் அப்பகுதிக்கு உயிரூட்டினார்.

1914இல் சென்னை ஆளுநர் பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பில் இந்தியா வந்தார். அவரது நகரக் கண்காட்சிப் பொருட்களைச் சுமந்துவந்த கப்பலை ஜெர்மனியின் எம்டன் மூழ்கடித்தது. (சென்னைமீது குண்டு பொழிந்த அதே எம்டன்தான்!) நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது. மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் தெருக்களை அவர் நடந்தே ஆராய்ந்தார். சுகாதாரத்தின் பேரால் வீடுகளை இடித்து நேரான வீதிகளை வெட்டும் திட்டங்களை அவர் ஏற்கவில்லை. பாழடைந்த சில கட்டடங்களை மட்டும் அகற்றி, கிடைத்த வெளியில் மரம் நட்டு, பழைய ஒழுங்கைகளைக் காப்பதே குறைந்த செலவில் நிறைந்த பயன் தருமென வாதிட்டார். மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். குளத்தைத் துப்புரவாக்கி மீனும் வாத்தும் விட்டால் நுளம்பு அடங்குமென்பது அவர் கணிப்பு.

1917இல் மூத்த மகன் போர்முனையில் மாண்டார். அடுத்த சில வாரங்களில் மனைவியும் இந்தியாவிலேயே காலமானார். அப்போதும் அவர் பணியை விடவில்லை. 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அக்காலத்திலேயே, 1921இல், கொழும்பின் நகரத் திட்டத்துக்கான அறிக்கையையும் அளித்தார். அதில் கொழும்பைக் கீழைத்தேசத்தின் தோட்ட நகராகக் கண்டார். அக்கனவிலும் ஒரு குறை இருந்ததென்றே நாம் கருதுகிறோம். விசாலமான வளவுகள் கறுவாத்தோட்டத்துச் செல்வந்தருக்கு நிழல் தந்தன. புறநகரில் காணி தேடிய சாமானியருக்கோ நீண்ட பயணமும் வாகன நெரிசலுமே மிஞ்சின.

கெடிஸ் 1932இல் பிரான்சின் மொன்ற்பெலியேயில் மறைந்தார். எமது அயலிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பறவைகளின் நீர்நிலைக்குக் கிடைத்த அந்தக் கவனம் எமது ஒழுங்கைகளுக்கும் கிடைக்குமா? கொங்கிறீட் இடப்படும்போது வேலியோரப் பூவரசும் வேம்பும் நிற்குமா? பிரதேச சபையிடம் இதனை இப்போதே கேட்டாக வேண்டும்.