ஐதர் அலியும் கந்தே ராவும்

திண்டுக்கல் மலைக்கோட்டையை நாள்தோறும் காணும் நாம், அதனை ஆண்ட ஐதர் அலியின் போர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். அவர்தம் நட்பு முறிந்த வரலாற்றை அறிந்தவர் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மைசூர்ப் படையிற் பணிபுரிந்த ஐதர், 1749-ஆம் ஆண்டு தேவனஹள்ளி முற்றுகையில் ஆண்மை காட்டி உயர்ந்து, 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜுதாராக வந்தார். பாளையக்காரரை அடக்கினார், பிரெஞ்சுக்காரர் துணைகொண்டு படைக்கலச் சாலையும் அமைத்தார். எனினும் அவர் எழுத்தறியாதவர். அக்குறையை நிறைத்தவர் கந்தே ராவ் என்னும் அந்தணர். கணக்கில் வல்லவராகிய அவர், ஸ்ரீரங்கபட்டணத்து அரசவையிலிருந்து, திண்டுக்கல்லில் ஐதர் ஆற்றிய செயல்களை எடுத்தோதி அவர் புகழை வளர்த்தார். வாளும் எழுதுகோலும் போல இருவரும் ஒருங்கே உயர்ந்தனர். மந்திரி நஞ்சராஜர் விலக்கப்பட்டபின் கந்தே ராவ் திவானாயினார்.

1760-இல் நட்புத் திரிந்தது. படைச் செலவின் பொருட்டு ஐதர் மேலும் மேலும் நாட்டு வருவாயை வேண்டினார், திவான் இசைந்திலர். ஐதர் கேட்டது பேராசை எனத் திவானுக்கும், திவான் மறுத்தது நன்றிகோறல் என ஐதருக்கும் தோன்றியிருத்தல் வேண்டும். ஐதரின் படையிற் பெரும்பகுதி புதுச்சேரிப் பக்கம் சென்றிருந்த வேளையில், கந்தே ராவ் அரண்மனையாரோடும் மராட்டியரோடும் கூடி அவரைத் தாக்கினார். ஐதர் இரவிற் காவிரியைக் கடந்து பெங்களூர் சேர்ந்தார். சிறுவன் திப்பு உள்ளிட்ட குடும்பம் பகைவர் கையில் அகப்பட்டது.

பின்னர் ஐதர் ஒரு சூழ்ச்சி செய்தார். கந்தே ராவின் படைத்தலைவர்கள் துரோகத்திற்கு உடன்பட்டாற் போன்று, நஞ்சராஜரின் முத்திரையுடன் பொய்க்கடிதங்கள் எழுதுவித்து, அவை கந்தே ராவின் கையிற் சிக்கும்படி செய்தார். அவர் விசாரியாமலே படையை விட்டு ஓடினார். எழுத்தறிந்தவரை எழுத்தே கெடுத்தது! 1761-இல் ஐதர் வென்றார். கந்தே ராவின் உயிரைக் காக்குமாறு அரண்மனையார் வேண்ட, அவரைக் கிளிபோல் வளர்ப்பதாக வாக்களித்த ஐதர், இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் அளித்தார். கூண்டே அவருக்கு முடிவாயிற்று. ஐதர் 1782 டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூரை அடுத்த பாசறையில் இறந்தார்.

இதனால் நாம் அறியற்பாலது யாது? படைக்குச் சம்பளம் கொடுத்தல் ஐதர் கடமை. பொக்கிஷத்தைக் காத்தல் திவான் கடமை. ஆசையும் உடன் கலந்திருக்கலாம். எனினும் பதவி மாறியதை மனம் மாறியதாகவே இருவரும் கொண்டனர். நேரிற் கேட்டுத் தெளிந்தாரல்லர்.

நம் குடும்பங்களிலும் சங்கத்திலும், நேற்றுவரை உடனிருந்தவர் பொருட்பொறுப்பை ஏற்றபின் கையிறுக்கம் காட்டினால், காரணத்தை அவரிடமே சென்று கேட்போமாக. பிறர் கொணரும் கடிதத்தை நம்பி முப்பதாண்டு நட்பைக் கூண்டில் அடையாதிருப்போமாக.