திரும்பி வராத விமானம்

ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் திருநாமத்தைத் தாங்கிய சிகரம் ஒன்று நீலகிரியில் உண்டு. கோத்தகிரிக்கு அப்பால் சுமார் 5,800 அடி உயரத்தில் நிற்கும் ரங்கசாமி சிகரம்தான் அது. அருகே செங்குத்தாக நிற்கும் பாறைக்கு ரங்கசாமித் தூண் என்று பெயர்.

1950-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி, அந்த மலைப் பகுதியில் ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் ஒன்று மோதி நொறுங்கியது. அதில் மாண்டவர்களில் ஒருவர் உலகம் போற்றிய கணித மேதை ஆபிரகாம் வால்டு. அவருடைய மனைவியும் உடன் மாண்டார்.

வால்டு 1902-ல், அப்போது ஹங்கேரியில் இருந்த கொலோஷ்வார் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். பள்ளிக்கூடமோ அன்றும் உண்டு. ஆகவே பிள்ளை வீட்டிலேயே படித்தான். 1931-ல் வியன்னா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். யூதர் என்பதால் அங்கே உத்தியோகம் கிடைக்கவில்லை. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஊரில் தங்கிய உறவினரில் பெரும்பாலோர் நாஜிகளுக்குப் பலியாயினர்.

இரண்டாவது உலக யுத்தத்தில் கொலம்பியா சர்வகலாசாலை நிபுணர் குழுவில் அவர் பணியாற்றினார். அங்கே ஒரு கேள்வி வந்தது. குண்டுவீச்சு விமானங்கள் உடலெங்கும் துளைகளோடு திரும்புகின்றன. எந்தப் பாகத்துக்குக் கூடுதல் கவசம் போடுவது?

துளை மிகுந்த இடத்துக்குத்தான் என்று நமக்குத் தோன்றும். வால்டின் கணக்கு வேறு. அங்கே அடிபட்டும் விமானம் திரும்பி வந்துவிட்டதே! துளை குறைந்த இடத்தில் அடிபட்டவை அல்லவா திரும்பி வராதவை? கண்ணில் படாத விமானங்களையும் கணக்கில் சேர்க்க அவர் வழி காட்டினார்.

சரக்கை ஒவ்வொன்றாகச் சோதித்து, போதுமான சான்று கிடைத்ததும் நிறுத்திவிடும் முறையையும் வகுத்தார். யுத்த காலத்தில் அது ராணுவ ரகசியமாக இருந்தது. 1947-ல் நூலாக வெளிவந்தது.

இந்திய அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் சொற்பொழிவாற்ற வந்த இடத்தில்தான் அந்தப் பயணம் நேர்ந்தது. யுத்தத்தில் படைகளையும் தளவாடங்களையும் சுமந்து பேர்பெற்ற இனம் டகோட்டா. கார்த்திகைக் கடைசியோ, நீலகிரியை மேகம் மூடும் காலம். கோயமுத்தூர் விமான நிலையம் சுமார் 1,300 அடி உயரத்தில்தான் இருக்கிறது. வடக்கிலிருந்து அங்கே இறங்க வரும் விமானத்துக்கு முன்னால் மலை மதிலாக நிற்கிறது. மேகத்துக்குள் சற்று முன்னதாகத் தாழ்ந்தாலும் ஆபத்துதான்.

வால்டுக்கு அப்போது வயது 48. அமெரிக்காவில் இருந்த இரண்டு குழந்தைகள் ஒரே நாளில் தாய் தந்தையரை இழந்தன.

திரும்பி வராத விமானங்களை மறவாதீர் என்று உலகுக்குக் கற்பித்த மனிதரே, திரும்பி வராத விமானத்தில் போய்விட்டார். அவருடைய கணக்கு மட்டும் தொழிற்சாலையிலும் மருந்துச் சோதனையிலும் இன்றும் நின்று உயிர்களைக் காத்து வருகிறது.