துணிக்கடைக்காரர் பார்த்த இரண்டு விஷயங்கள்: பாக்டீரியாவும், பின்னாளில் அதை அடையாளம் காட்டிய படிகமும்

பாக்டீரியாவை முதலில் பார்த்தவர் யார்? ஆண்டனி வான் லீவன்ஹூக் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். பாடப்புத்தகம் சொல்லாத இன்னொரு விஷயமும் இருக்கு. பாக்டீரியாவைப் பற்றி எழுதிய அடுத்த வருஷமே, அதே மாதிரியான குட்டி லென்ஸ் வழியாக அவர் சில படிகங்களையும் பார்த்தார். அந்தப் படிகத்தில் இருந்த வேதிப்பொருள் 'பாலிஅமின்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. சுமார் 300 ஆண்டுகள் கழித்து, ஒரு பாக்டீரியா எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்ய இதே குடும்பம்தான் கைகொடுத்தது. இரண்டையும் பார்த்த அந்த மனிதருக்கு இந்தத் தொடர்பு தெரிய வாய்ப்பே இல்லை.

பட்டம் இல்லை, லத்தீனும் தெரியாது

லீவன்ஹூக் 1632 அக்டோபரில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். அப்பா கூடை பின்னுபவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். 16 வயதில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணி வியாபாரியிடம் வேலை கற்றுக்கொண்டார். 1654-ல் ஊர் திரும்பி, பார்பரா என்பவரைத் திருமணம் செய்து, சொந்தமாகத் துணிக்கடை வைத்தார். ஐந்து குழந்தைகளில் பிழைத்தது மகள் மரியா மட்டும். 1666-ல் மனைவியும் போய்விட்டார்.

வருமானத்துக்குக் கடை மட்டுமில்லை. நகர நிர்வாகத்தில் மன்ற அறையைப் பராமரிக்கும் பொறுப்பு, நில அளவையாளர் தகுதி, பிறகு மதுப் பீப்பாய்களை அளந்து பார்க்கும் அதிகாரி வேலை என்று ஒன்று மாற்றி ஒன்று. ஓவியர் வெர்மீர் கடனோடு இறந்தபோது, அவருடைய சொத்துக் கணக்கைப் பார்க்க 1676-ல் நியமிக்கப்பட்டவரும் இவர்தான். அளப்பதும் எண்ணுவதும் அவருக்குப் பிழைப்பாகவே இருந்தது. டேட்டாவோடு வேலை செய்கிறவர்களுக்கு இவரைப் பிடித்துப்போவதற்கு இது ஒன்றே போதும்.

துணி வியாபாரிகள் இழையை எண்ணிப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பார்கள். லீவன்ஹூக்கின் ஆர்வம் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். அவர் செய்த மைக்ரோஸ்கோப் உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் ஒரே ஒரு மிகச்சிறிய லென்ஸ், பொருளைக் குத்தி வைக்க ஒரு ஊசி, அதை நகர்த்தத் திருகுகள். கண்ணை ஒட்டி வைத்து வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். இன்று எஞ்சியிருப்பவற்றில் சிறந்தது ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

மிளகு ஊறிய தண்ணீர்

1673-ல் டெல்ஃப்ட் மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப், லண்டனில் இருந்த ராயல் சொசைட்டிக்கு இவரை அறிமுகப்படுத்திக் கடிதம் போட்டார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து, லீவன்ஹூக் சாகும்வரை 50 ஆண்டுகள் நீடித்தது. தெரிந்த மொழி டச்சு மட்டும் என்பதால் எல்லாவற்றையும் அதிலேயே எழுதினார், லண்டனில் மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

1676 அக்டோபர் 9 தேதியிட்ட கடிதம்தான் முக்கியமானது. மிளகுக்கு ஏன் காரம் என்று தெரிந்துகொள்ள மிளகைத் தண்ணீரில் ஊறவைத்திருந்தார். சில வாரம் கழித்து அந்தத் தண்ணீரில் கணக்கில்லாத குட்டி உயிர்கள் நீந்துவதைப் பார்த்தார். அவற்றில் மிகச் சிறியவை பாக்டீரியா என்று இன்று சொல்கிறோம்.

லண்டனில் யாரும் உடனே நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. பட்டம் இல்லாத ஒரு துணிக்கடைக்காரர், ஒரு துளி நீரில் லட்சக்கணக்கில் உயிர்கள் இருக்கு என்கிறார். லென்ஸ் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். அதனால் டெல்ஃப்ட்டில் மதபோதகர்கள் உட்பட எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டி, பார்த்தோம் என்று எழுதி வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் லண்டனிலேயே மிளகுத் தண்ணீரை உறுப்பினர்களுக்குக் காட்டிய பிறகுதான் பிரச்னை தீர்ந்தது. 1680-ல் சொசைட்டி அவரை உறுப்பினராகவே ஏற்றுக்கொண்டது.

கூச்சத்தோடு எழுதிய கடிதம்

அதே 1677 நவம்பரில், சொசைட்டியின் தலைவருக்கு இன்னொரு கடிதம் போனது. விஷயம் விந்து. யோஹான் ஹாம் என்ற மருத்துவ மாணவர் கொண்டுவந்த மாதிரியில் வாலுள்ள உயிரிகள் நீந்துவதைப் பார்த்த லீவன்ஹூக், தன்னுடைய விந்திலும் சோதித்தார். மாதிரி தாம்பத்திய உறவில் கிடைத்ததுதான், தவறான வழியில் இல்லை என்று கவனமாகக் குறிப்பிட்டார். அருவருப்பாகத் தோன்றினால் வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

எல்லோருடைய கவனமும் நீந்திய விந்தணுக்கள் மேல் போய்விட்டது. ஆனால் விந்தைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டால், இரு முனையும் கூரான, தெளிவான படிகங்கள் உருவாகின்றன என்றும் அவர் குறித்திருந்தார். அது என்ன பொருள் என்று அன்று கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. அதற்கான வேதியியலே அப்போது பிறக்கவில்லை.

அவர் கவனமும் வேறு பக்கம் போனது. 1679-ல் காட் மீனின் விந்துப்பையில் எத்தனை விந்தணு இருக்கும் என்று கணக்குப் போட்டார். ஒப்பிடுவதற்காக, பூமியில் அதிகபட்சம் எத்தனை மனிதர்கள் வாழ முடியும் என்றும் பார்த்தார். ஹாலந்தின் மக்கள்தொகையை அடிப்படையாக வைத்து வந்த விடை சுமார் 1,338 கோடி. 17-ம் நூற்றாண்டு மதிப்பீட்டுக்கு மோசமில்லை!

1683-ல் பல்லிடுக்கு அழுக்கில் பார்த்த உயிரிகளைக் கோல், உருண்டை, சுருள் என்று தனித்தனி வடிவங்களாக விவரித்தார். 1698-ல் ரஷ்யாவின் ஜார் மகா பீட்டர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1723 ஆகஸ்ட் 26-ல், 90 வயதில் லீவன்ஹூக் இறந்தார். லென்ஸ் ரகசியத்தைக் கடைசிவரை சொல்லவில்லை. சொசைட்டிக்கு எழுதிவைத்த 26 வெள்ளி மைக்ரோஸ்கோப்களும் பின்னர் காணாமல் போயின.

படிகத்துக்குப் பெயர் கிடைத்தது

படிகத்துக்கு 'ஸ்பெர்மின்' என்ற பெயர் 1888-ல்தான் வந்தது. அதன் சரியான அமைப்பை 1920-களில் லண்டனில் ஆட்டோ ரோசன்ஹைம் குழு கண்டுபிடித்தது. லீவன்ஹூக் பார்த்தது ஸ்பெர்மின் பாஸ்பேட். இதன் உறவினர்கள்தான் ஸ்பெர்மிடினும், அழுகிய இறைச்சி நாற்றத்துக்குக் காரணமான புட்ரெசின், கேடவரினும். இவற்றுக்கு நேர்மின்னூட்டம் இருப்பதால், எதிர்மின்னூட்டம் கொண்ட டிஎன்ஏ, ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு அவற்றை நிலைப்படுத்துகின்றன. செல் வளர்வதற்கு இது தேவை.

பாக்டீரியாவின் பக்கம்தான் சிக்கல் தொடர்ந்தது. கோல், உருண்டை, சுருள் என்று வடிவத்தை மட்டும் வைத்து எத்தனை இனங்களைப் பிரிக்க முடியும்? 18-ம் நூற்றாண்டில் உயிரினங்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பெயர் வைத்த லின்னேயஸே, நுண்ணுயிரிகள் பலவற்றைப் புழுக்களோடு சேர்த்து 'கேயாஸ்', அதாவது குழப்பம் என்ற பெயரில் போட்டுவிட்டார்.

வடிவத்தில் தெரியாத வித்தியாசம் வேதியியலில் தெரிந்தது. சாம்பார் பொடி மாதிரி யோசித்துப் பாருங்க. மிளகாயும் மல்லியும் எல்லா வீட்டுப் பொடியிலும் இருக்கும். எது எவ்வளவு, கூடவே என்ன சேர்க்கிறாங்க என்பதில்தான் ஒவ்வொரு வீடும் மாறும். பாக்டீரியாவிலும் அப்படித்தான். ஈ.கோலையில் புட்ரெசினும் ஸ்பெர்மிடினும் இருக்கும். பீட்டாபுரோட்டியோபாக்டீரியா என்ற பிரிவில் ஹைட்ராக்சிபுட்ரெசின் இருக்கும். வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸில், வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாத நீளமான பாலிஅமின்கள் இருக்கும். 1988-ல் ஜெர்மனியின் ஹன்ஸ்-யூர்கன் புசே, கியோர்க் ஆவ்லிங் ஆகியோர் இந்தக் கலவையை வகைப்பாட்டு அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள்.

இந்தியாவிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியின் நச்சுக் கழிவைச் சிதைக்கும் பி90ஏ என்ற பாக்டீரியா இங்கே கரும்பு வேர் மண்ணில் கிடைத்தது. முதலில் அதை ஸ்பிங்கோமோனாஸ் என்றுதான் அழைத்தார்கள். 2001-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அந்தப் பேரினத்தையே நான்காகப் பிரித்தார்கள். மரபணுத் தகவலோடு அவர்கள் பார்த்த அடையாளங்களில் ஒன்று பாலிஅமின். உண்மையான ஸ்பிங்கோமோனாஸில் ஹோமோஸ்பெர்மிடின் அதிகம், மற்ற மூன்றில் ஸ்பெர்மிடின் அதிகம். அந்த மூன்றில் ஒன்றான ஸ்பிங்கோபியத்துக்கு பி90ஏவும் மாறியது. 2005 முதல் அதன் பெயர் ஸ்பிங்கோபியம் இண்டிகம்.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கு. ஈஸ்ட் சாறு கலந்த ஊடகத்தில் வளர்த்தால், அதிலுள்ள ஸ்பெர்மினை பாக்டீரியா உறிஞ்சிக்கொண்டு முடிவைக் குழப்பிவிடலாம். அதனால் எந்த ஊடகத்தில், எந்தக் கட்டத்தில் செல்லை எடுத்தோம் என்பது முக்கியம். இன்று முழு ஜீனோம் வரிசைதான் முதல் சாட்சி. பாலிஅமின் துணைச் சாட்சி.

லீவன்ஹூக்கின் மிளகுத் தண்ணீரில் இருந்தவை எந்த இனங்கள் என்று இந்த முறையில் சோதிக்க வழியில்லை. 1981-ல் பிரையன் ஃபோர்ட் என்பவர் ராயல் சொசைட்டியின் பழைய கடிதங்களுக்குள் லீவன்ஹூக்கே அனுப்பிய மாதிரிப் பொட்டலங்களைக் கண்டெடுத்தார். உள்ளே மெல்லியதாகச் சீவிய தக்கை, செடித்தண்டு, மாட்டின் பார்வை நரம்புத் துண்டுகள் எல்லாம் இருந்தன. லென்ஸ் ரகசியம் மட்டும் 2021-ல் வெளியே வந்தது. அவருடைய சக்திவாய்ந்த மைக்ரோஸ்கோப் ஒன்றைப் பிரிக்காமலேயே நியூட்ரான் கதிரால் படம் பிடித்துப் பார்த்தார்கள். கண்ணாடியை உருக்கி எடுத்த சிறு உருண்டைதான் அந்த லென்ஸ். ராபர்ட் ஹூக் ஏற்கெனவே அச்சிட்டு வெளியிட்டிருந்த அதே முறை.